சுண்ணாம்பு பூமியில் ஒரு சோம்பேறி

அரியலூர்ப் பக்கம் பூமியைக் கொஞ்சம் கீறினால் போதும், சுண்ணாம்புக்கல் வந்துவிடும். அதைத் தோண்டிச் சிமெண்டாக்கி ஊர் உலகத்துக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். கல் ஏற்றிய டிப்பர் லாரிகளுக்குப் பின்னால் பைக்கில் போய் வந்தால், வீடு திரும்பும்போது சட்டையில் ஒரு நாளைக்கு வேண்டிய கால்சியம் படிந்திருக்கும். சுண்ணாம்புக்கல் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். மருந்துக்கடையில் அட்டை அட்டையாக விற்கும் கால்சியம் மாத்திரைகள் பலவற்றிலும் இருப்பது அதே கால்சியம் கார்பனேட்தான். இந்த உண்மையை நான் பெருமையோடு வீட்டில் அறிவித்தபோது என் மனைவி, "அப்படியா? அப்ப மாத்திரை வாங்கற காச மிச்சம் பிடிச்சு நாலு கல்லு பொறுக்கிட்டு வாங்க. குனிஞ்சு பொறுக்கினாலாவது உடம்பு வளையும்" என்றாள்.

இந்த மண் ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்தது. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்துப் பக்கம் ஓடைகளில் நடந்தால் சுமார் 10 கோடி ஆண்டுக்கு முந்தைய கடல்பிராணிகள் கல்லாகிக் கிடக்கும். 1862ல் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளைப் பற்றி எழுதிய காலத்திலிருந்து யாராவது ஒருவர் சுத்தியலோடு வந்து போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். 2020 அக்டோபரில் குன்னம் பக்கம் நீர்நிலை ஒன்றைத் தூர்வாரும்போது உருண்டை உருண்டையாகக் கல் கிடைக்க, டைனோசர் முட்டை என்று செய்தி பரவி ஊரே கிளம்பியது. விவரம் தெரிந்தவர்கள் வந்து பார்த்து, முட்டையுமில்லை ஒன்றுமில்லை, அம்மோனைட் என்ற கடல்பிராணியைச் சுற்றி மண் படிந்து இறுகிய உருண்டை என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இன்றைக்கும் அது முட்டைதான்.

முட்டை பொய்யானாலும் டைனோசர் பொய்யில்லை. அரியலூர் கல்லமேட்டில் கிடைத்து, 1980களின் கடைசியில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் உலகுக்கு அறிவித்த பிருஹத்காயோசாரஸுக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம். தரையில் நடமாடிய விலங்குகளிலேயே பெரியது இதுதான் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. தீர்ப்புச் சொல்ல எலும்பு கையில் இல்லை. மழை ஈரத்தில் ஊறி, உப்பி, பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. மிச்சம் சில கோட்டுப்படங்களும் பழைய புகைப்படங்களும். சுமார் 7 கோடி ஆண்டு மண்ணுக்குள் சும்மா கிடந்தவரை ஒன்றும் ஆகாத எலும்பு, வெளியே வந்து அரியலூர் மழையைப் பார்த்ததும் போய்ச் சேர்ந்துவிட்டது. சும்மா கிடப்பதே எலும்புக்கு நல்லது என்ற என் நெடுநாள் கொள்கைக்கு இதைவிடப் பெரிய சான்று என்ன வேண்டும்?

கொள்கையைக் கெடுத்தவன் என் மச்சான். மனைவியின் தம்பி, வயது இருபத்து மூன்று, குரூப் 4 தேர்வுக்குப் படிப்பதற்காக எங்களோடு தங்கியிருக்கிறான். கட்டிலில் படுத்துக்கொண்டுதான் படிப்பான். புத்தகம் வயிற்றின் மேல், செல்போன் முகத்தின் மேல். ஐப்பசி மழையில் ஒருநாள், மாடிப்படியின் கடைசிப் படியில் வழுக்கி, கையை ஊன்றினான். அவ்வளவுதான். மணிக்கட்டில் விரிசல். கடைசிப் படி என்பது தரையிலிருந்து ஒரு சாண் உயரம். நாய்க்குட்டி விழுந்தால் உதறிக்கொண்டு போய்விடும்.

"புத்தூர் கட்டு போட்டா பத்தே நாள்" என்றார் அம்மா. தமிழ்நாட்டில் எந்த ஊரானாலும் புத்தூர் கட்டுக்கு ஒரு போர்டு இருக்கும், அந்தப் போர்டைப் படித்து வளர்ந்தவர் அம்மா. நான் நவீனன், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் அவனிடம் கேட்டார்: "என்ன விளையாடுவ?"

"பப்ஜி சார்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"நான் இவனோட மாமா சார்."

"அது இல்லைங்க. நீங்க ஏதாவது பண்றீங்களா?"

"ஒரு ஆபீஸ்ல கணக்குப் பார்க்கிறேன் சார்."

அவர் பெருமூச்சு விட்டுவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். எலும்பின் பெரும்பகுதி பதினெட்டு இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. மிச்சமும் முப்பதையொட்டி முடிந்துவிடும். அதற்குப் பிறகு உள்ளதைக் காப்பாற்றுவதுதான் வேலை. அறுபதில் எலும்பு எப்படி இருக்கும் என்பது இருபதில் எவ்வளவு சேர்த்தோம் என்பதைப் பொறுத்தது. கேட்கக் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது. எனக்கு முப்பத்தாறு. கெடு முடிந்துவிட்டது. இனிமேல் குதிப்பது, ஓடுவது எல்லாம் மச்சானின் கடமை. என் கடமை அறிவுரை சொல்வது. அந்த வேலைக்கு எலும்பு தேவையில்லை.

அறிவுரை சொல்வதற்காகவே நிறையப் படித்தேன். எலும்பு செத்த பொருள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அப்படியில்லை. எங்கள் தெருவில் ஒரு கும்பல் வந்து குழி தோண்டும், பின்னாலேயே இன்னொரு கும்பல் வந்து மூடும், அதுபோலத்தான் எலும்புக்குள்ளும் நடக்கிறது. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் பழைய எலும்பைத் தோண்டி எடுக்கின்றன, ஆஸ்டியோபிளாஸ்ட் என்பவை புதிதாகப் போட்டு நிரப்புகின்றன. சுமார் பத்தாண்டில் மொத்த எலும்புக்கூடும் இப்படிப் புதிதாகிவிடுகிறதாம். இளவயதில் மூடும் கும்பல் முந்துகிறது. நடுவயது தாண்டினால் தோண்டும் கும்பல் முந்துகிறது. எங்கள் தெருவுக்கு நடுவயது தாண்டி வெகுகாலமாகிறது.

எங்கே கெட்டியாகப் போடுவது என்பதையும் எலும்பு தானாகவே முடிவு செய்கிறது. பாரம் எங்கே விழுகிறதோ அங்கே. 1892ல் ஜூலியஸ் வுல்ஃப் என்ற ஜெர்மன் மருத்துவர் இதைப் பற்றிப் புத்தகமே போட்டுவிட்டார். சின்ன வயதிலேயே டென்னிஸ் ஆடத் தொடங்கியவர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடிப்பாக இருக்கும். அதே ஆள், அதே சாப்பாடு, அதே கால்சியம், ஒரு கைக்கு மட்டும் அடி கிடைத்திருக்கிறது. இதற்கு நேர்மாறு விண்வெளி வீரர்கள். எடையே இல்லாமல் மிதப்பதால் இடுப்பு, தொடை எலும்புகளில் மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு பங்கோ கொஞ்சம் கூடவோ போய்விடுகிறது. அதைத் தடுக்க அங்கே தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள்.

"பார்த்தியா மாப்ள, கட்டில்லயே கிடந்தா இதே கதைதான்" என்றேன்.

"அவங்க ராக்கெட்ல போயி எலும்ப விட்டாங்க. நான் செலவில்லாம விடறேன் மாமா" என்றான். குரூப் 4 எழுதுபவன் என்பதால் எல்லாவற்றிலும் கணக்குப் பார்ப்பான்.

இரவு படுத்துக்கொண்டு என் ஒரு நாளை ஓட்டிப் பார்த்தேன். படுக்கையிலிருந்து நாற்காலி. அதிலிருந்து பைக். பைக்கிலிருந்து ஆபீஸ் நாற்காலி. அப்பா காலத்து வண்டியைக் கிளப்ப ஏழெட்டு உதை உதைக்க வேண்டும், மழைக்காலத்தில் இருபது. நான் செல்ஃப் ஸ்டார்ட் வாங்கினேன். என் உடம்புக்கு மிச்சமிருந்த ஒரே அதிர்ச்சி வைத்தியம் அதோடு போயிற்று. அடிபம்பு இருந்த இடத்தில் இப்போது குழாய். ஆட்டுக்கல் மொட்டை மாடியில் துணி காயப்போடும் கம்பிக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது. அந்தக் காலம் பொற்காலம் என்று நான் உருக ஆரம்பித்தால் அம்மா விடமாட்டார். "ஆட்டுக்கல்லு கீழ எறக்கித் தரேன், ரெண்டு படி அரிசி ஆட்டிட்டுப் பேசு" என்பார். ஆகவே பொற்காலத்தைப் பற்றி அம்மா இல்லாதபோதுதான் பேசுகிறேன்.

உடற்பயிற்சி என்று நான் செய்து வந்தது ஒன்றே ஒன்று. மாலையில் பைக்கில் மைதானத்துக்குப் போய், நடந்துவிட்டு, பைக்கில் திரும்பி வருவது. வழியில் நான்கு ரோட்டில் டீயும் வடையும். நடப்பது இதயத்துக்கு நல்லதுதான். ஆனால் தினமும் பழகிய அதே நடையை எலும்பு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நீச்சலும் சைக்கிளும் அதைவிட மோசம், உடம்பின் பாரம் எலும்பில் இறங்குவதேயில்லை. எலும்புக்குப் பிடித்தவை குதித்தல், ஓடுதல், கயிறு தாண்டுதல், கனம் தூக்குதல், சட்டென்று திசை மாறி ஓடும் கபடி, கோ-கோ. தெருவில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சின்னப் பெண்கள் ஆடிய நொண்டி இருக்கிறதே, எலும்பு நிபுணர் உட்கார்ந்து யோசித்து எழுதிக் கொடுத்த மாதிரி அமைந்த விளையாட்டு அது. முழு உடம்பின் பாரமும் ஒற்றைக் காலில், அதுவும் எகிறி எகிறி. பையன்களுக்குப் பச்சைக்குதிரை.

இங்கேதான் என் மனைவி வாய் திறந்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் கோ-கோ ஆடியவள். இந்தச் சங்கதி கல்யாணப் பேச்சின்போதே எனக்குச் சொல்லப்பட்டது, பெண்ணின் சமையல் திறனுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு வரியாக. பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். பிளஸ் டூ வந்தால் படிப்பு, அப்புறம் 'வயசுப் பொண்ணு', அப்புறம் நான். எலும்பு மும்முரமாகச் சேரும் வருடங்கள் என்று டாக்டர் சொன்னாரே, சரியாக அந்த வருடங்களில் நம் வீடுகளில் பெண்களை உட்கார வைத்துவிடுகிறோம். 2024ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த கணக்குப்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57. வீட்டு வேலை முழுக்கப் பெண்களின் தலையில் போட்டும் இந்தக் கணக்கு. வெயில் விஷயமும் அப்படித்தான். பெரம்பலூரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வெயிலுக்கு வராது. ஆனாலும் ஸ்கூட்டியில் போகும் பெண்கள் கண் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றி, கைக்கு உறையும் போட்டு, டி வைட்டமின் ஒரு துளி உள்ளே போகாமல் கவசத்தோடு போகிறார்கள். ஆண்கள்? நாங்கள் ஏசி இருக்கும் ஏடிஎம்மில் நின்று மினி ஸ்டேட்மென்ட் பார்க்கிறோம்.

"நான் ஆடினதெல்லாம் இன்னும் எலும்புல இருக்கும்ல?" என்று கேட்டாள்.

இருக்கும் என்றேன். படித்தது அப்படித்தான். வளரும் வயதில் கிடைத்த பலனில் ஒரு பங்காவது ஆட்டத்தை விட்ட பிறகும் தங்கும்.

"அப்ப இந்த வீட்டுல எனக்குத்தான் கொஞ்சம் சொத்து இருக்கு" என்றாள்.

சாப்பாட்டு விஷயத்தில் நாங்கள் குறை வைக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ல் சொன்ன கணக்கில் வயது வந்தவருக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. அம்மா களி கிண்டினார். முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, முள்ளோடு மெல்லும் நெத்திலிக் கருவாடு என்று வரிசையாக வந்தன. அந்த வாரத்தில் நானும் மச்சானும் சிமெண்டு ஆலைக்குச் சவால் விடும் அளவுக்குக் கால்சியம் இறக்கினோம். மூட்டை மூட்டையாகச் சிமெண்டு வந்து இறங்கினாலும் கொத்தனார் எழுந்து வந்தால்தான் சுவர் எழும்பும் என்று அம்மா சொன்னபோது, நான் படித்த அத்தனை ஆராய்ச்சியும் வீணாய்ப் போன மாதிரி இருந்தது.

கொத்தனாரை எழுப்பும் வழியைக் கண்டுபிடித்தவன் மச்சான். கட்டிலில் படுத்தபடியே கண்டுபிடித்தான். 2015ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு. 25 முதல் 50 வயதுவரை உள்ள பெண்களைத் தினம் இரண்டு வேளை குதிக்கச் சொன்னார்கள். ஒரு குழு 10 குதி, இன்னொரு குழு 20. ஒவ்வொரு குதிக்கும் நடுவில் 30 விநாடி ஓய்வு. 16 வாரம் கழித்துப் பார்த்தால், குதிக்காதவர்களைவிடக் குதித்தவர்களின் இடுப்பெலும்பு அடர்த்தி மேல். ஓய்வு எதற்கு என்றால், அடுத்தடுத்து அதிர்ச்சி கொடுத்தால் எலும்புச் செல்கள் சீக்கிரம் மரத்துப்போய்விடும். கொஞ்சம் விட்டுக் கொடுத்தால் மறுபடி சுரணை வரும்.

படித்ததும் எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. பத்து குதிக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, அதில் நாலரை நிமிடம் சும்மா நிற்பது. என் வாழ்நாளில் எனக்காகவே வடிவமைக்கப்பட்ட உடற்பயிற்சி இது ஒன்றுதான். சிக்கலும் அதே ஆய்வில்தான் இருந்தது. மனைவி அந்தப் பக்கத்தை வாங்கிப் படித்துவிட்டு, "அம்பது வயசு வரைக்கும்னு போட்டிருக்கு. உங்களுக்குக் கெடு முடிஞ்சுதுன்னீங்க?" என்றாள். பெண்களுக்குத்தானே என்று இழுத்தேன். "அதுக்கென்ன, எங்களோட சேர்ந்து குதிங்க" என்றாள்.

மறுநாள் காலை ஹாலில் நாங்கள் மூவரும் குதித்தோம். அம்மாவும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்துவிட்டார். அறுபத்தெட்டு வயதில், எலும்பு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் குதிப்பது ஆபத்து என்று கெஞ்சி உட்கார வைத்தோம். அவர் எண்ணும் வேலையை எடுத்துக்கொண்டார். என் குதியை மட்டும் எண்ண மறுத்தார். கால் தரையை விட்டுக் கிளம்பவில்லையாம்.

நாங்கள் குடியிருப்பது பெரம்பலூர் துறைமங்கலத்தில் ஒரு மாடி போர்ஷன். மூன்றாவது குதியில் வாசல்மணி அடித்தது. கீழ் வீட்டு ஓனர் ஐயா தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு நின்றார்.

"தம்பி, மேல ஏதும் உரல்ல குத்துறீங்களா?"

"இல்லீங்கய்யா, எலும்பு பலப்படறதுக்கு..."

"ஒங்க எலும்பு பலப்பட்டுரும் தம்பி. என் சீலிங் போயிரும்."

ஆக, கால்சியம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறியதுதான் மிச்சம். வேறு இடம் பார்ப்பது என்று முடிவாயிற்று.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானுக்கு ஞானம் வரட்டும் என்று குடும்பத்தோடு சாத்தனூர் கல்மரப் பூங்காவுக்குப் போனோம். 1940ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த மரம். 18 மீட்டருக்கு மேல் நீளமாகப் படுத்திருக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலுக்கு அடித்து வரப்பட்டு, மண்ணில் புதைந்து, மெல்ல மெல்லக் கல்லாகிவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "பார்த்துக்க மாப்ள. படுத்தே கிடந்தா இப்படிக் கல்லா ஆயிடுவோம்" என்றேன்.

அவன் மரத்தை மேலும் கீழும் பார்த்தான். "கல்லானா நல்லதுதானே மாமா? டாக்டர் அதத்தான சொன்னாரு?"

பிறகு செட்டிகுளம் மலைமேல் முருகனைப் பார்க்கப் படியேறினோம். படி ஏறுவது நல்ல பயிற்சி. மனைவி மேலே போய்க் கும்பிட்டு முடித்தாள். நான் நடுவழி மண்டபத்தில் உட்கார்ந்து முருகனை மானசீகமாக வணங்கினேன். கையில் கரும்பு வைத்திருக்கும் முருகன் அவர், தடியை ஓங்காமல் விட்டார்.

மச்சானை எழுப்பியது கடைசியில் என் அறிவுரையுமில்லை, கல்மரமுமில்லை, காவலர் தேர்வு அறிவிப்பு. குரூப் 4 வரும்போது வரட்டும், போலீசுக்கும் போட்டு வைப்போம் என்று யாரோ நண்பன் சொல்ல, கட்டுப் பிரித்துக் கையில் பலம் வந்ததும் ஐந்து மணிக்கு அலாரம் வைத்தான். நானும் கூடப் போனேன், பைக் ஓட்ட. மாலையில் போகும் எனக்குத் தெரியாத ஒரு மைதானம் விடிவதற்கு முன்னால் அதே இடத்தில் இருந்தது. சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்த பையன்களும் பெண்களும் ஓடிக்கொண்டிருந்தார்கள். பையன்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். அப்புறம் கயிறு ஏற வேண்டும், நீளமோ உயரமோ தாண்ட வேண்டும். வெங்காயக் காட்டிலும் மக்காச்சோளக் காட்டிலும் பகலெல்லாம் வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைகள். ஷூ இல்லாதவர்கள் வெறுங்காலோடு. இருபது வயதில் எலும்புக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதோ அத்தனையும் அங்கே நடந்துகொண்டிருந்தது, எலும்பு என்ற பேச்சே இல்லாமல். எல்லாருக்கும் போலீஸ் வேலை கிடைக்கப் போவதில்லை. ஓடியது மட்டும் அவர்கள் உடம்பில் நிற்கும். அரசாங்கம் எலும்புக்கென்று தனியாக ஒரு திட்டம் போட்டு, அதற்கு ஒரு லோகோவும் போட்டு, தொடக்க விழா நடத்தினாலும் இவ்வளவு பேரை ஐந்து மணிக்கு எழுப்ப முடியாது என்பது என் கட்சி. பெண்கள் இத்தனை பேர் ஓடுகிறார்கள் என்று வீட்டில் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து மனைவியும் வந்தாள். வந்த வேகத்தில் பெண்களோடு சேர்ந்து இரண்டு சுற்று ஓடிவிட்டு, நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து, "பைக்குக்குக் காவலா?" என்று கேட்டுவிட்டு மூன்றாவது சுற்றுக்குப் போனாள்.

அந்தக் கேள்வி தாங்காமல்தான் நீளம் தாண்டும் மணல் குழிப் பக்கம் போனேன். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் டேப்போடு குந்தியிருந்தான். பின்னால் போய், மூச்சு இழுத்து, ஓடி வந்து, பலகையில் கால் வைத்து, தாண்டினேன். எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு எவ்வளவு என்று கேட்டேன்.

அவன் டேப்பைச் சுருட்டினான். "இதுக்கு ஸ்கேல் போதும் சார்."

நான் விடவில்லை. எலும்புக்குத் தாண்டின தூரம் கணக்கில்லை தம்பி, தரையில் இறங்கும்போது எவ்வளவு அதிர்ச்சி கிடைக்கிறது என்பதுதான் கணக்கு என்று வுல்ஃப் முதல் விண்வெளி வரை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"அப்படின்னா ரொம்ப நல்லா விழுந்தீங்க சார்" என்றான்.